அப்பிள் பிழிந்த நாளில் எடுத்த படம்

ஷ்லீரன், சுவிஸ்
16.09.2016

அன்புள்ள தில்லையக்காவுக்கு,

இங்கே நாங்கள் நான்கு பேரும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, அத்தானுக்கு இருமல் விட்டதா என்று எழுதுங்கள்.

கடிதத்தைக் கண்டு யோசிப்பீர்கள். நேற்றுத் தொலைபேசியில் நான் சொல்லத் தொடங்கி இரண்டு நிமிடம் ஆகவில்லை, "சரி சரி, சின்ன விசயம், பிறகு கதைப்பம்" என்று வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். முழுவதையும் வாசியுங்கள்.

புதன்கிழமை யாதவியின் வகுப்பைப் பாராளுமன்றம் பார்க்கப் பேர்ணுக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு கிழமையாக அதே கதைதான் அவளுக்கு. பின்னேரம் திரும்பி வந்தவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நேரே அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டாள். தம்பி ஆருஷ் தட்டியும் திறக்கவில்லை. நடந்ததை எனக்குச் சொன்னது வகுப்பு ரீச்சர்தான்.

அங்கே ட்ராம் தரிப்பிடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு சுவரொட்டியாம். ரீச்சர் அதைப் படமெடுத்து அனுப்பினார். அதில் என் பிள்ளைகள்! யாதவி இரண்டு கையாலும் ஒரு அப்பிளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பக்கத்தில் ஆருஷ், வாயெல்லாம் அப்பிள் சாறு. மேலே "நகரத்தில் இலையுதிர்காலம்: குடும்பங்களுக்கான நிகழ்ச்சிகள்" என்று இருக்கிறது. கீழே கொட்டை எழுத்தில் என்ன தெரியுமா? "வசதியற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இலையுதிர்காலம் உண்டு. உங்கள் உதவியால்."

வகுப்பில் ஒருத்தி அதைச் சத்தமாக வாசித்தாளாம். "யாதவி, நீங்கள் ஏழைகளா?" என்று கேட்டாளாம். அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது அவளுடைய உயிர்ச் சிநேகிதி தன் பாணில் பாதியைப் பிய்த்து யாதவியின் மடியில் வைத்தாளாம். அந்த இரக்கம்தான் என் பிள்ளையைக் கொன்றது.

அக்கா, நான் பல் வைத்தியரிடம் பத்து வருடமாக உதவியாளராக நிற்கிறேன். யோகன் இங்கேயே படித்துத் தேறிய மின் வேலைக்காரர். நாங்கள் யாரிடம் போய்க் கை நீட்டினோம்? எங்களை வைத்து உதவி கேட்க இவர்கள் யார்?

படம் போன வருட இலையுதிர்கால விடுமுறையில் எடுத்தது. எங்கள் இருவருக்கும் லீவு கிடைக்காமல் பிள்ளைகளை ஒரு கிழமை உங்களிடம் விட்டோமே, அப்போது. யாதவி போட்டிருக்கும் மஞ்சள் மழைச்சட்டை நீங்கள் வாங்கிக் கொடுத்ததுதான். அங்கே யார் படம் எடுத்தது? தாய் தகப்பனைக் கேட்காமல் எப்படி ஒட்டினார்கள்? உங்களுக்கு நினைவில் இருப்பதையெல்லாம் எழுதுங்கள். நான் இதை விடப்போவதில்லை.

அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
சுமித்ரா


பேர்ண்
24.09.2016

அன்பான சுமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் முழங்கால் அப்படியேதான். அத்தானுக்கு இருமல் விட்டுவிட்டது. வைத்தியசாலைச் சமையலறையில் இரண்டு பேர் வருத்தம் வந்து லீவில் நிற்பதால் எனக்கு இரட்டை வேலை. அதுதான் உடனே எழுத முடியவில்லை.

யாதவிக்கு நடந்ததை வாசித்து மனம் நொந்துபோனேன். அவளை ஒன்றும் சொல்லாதே. அந்தச் சுவரொட்டியை நான் இன்னும் காணவில்லை. அன்றைக்கு அங்கே எத்தனையோ பேர் படமெடுத்துக்கொண்டு நின்றார்கள்.

நீ கேட்டபடி நினைவில் இருப்பதை எழுதுகிறேன். திங்கட்கிழமை பட்டம் விட்டோம். ஆருஷின் பட்டம் மரத்தில் மாட்டி, தீயணைப்புப் படையைக் கூப்பிடச் சொல்லி அழுதான். செவ்வாய்க்கிழமை இலையில் நிறம் பூசித் துணியில் பதித்தோம். புதன்கிழமைதான் அப்பிள் பிழிந்தது. பெரிய மர இயந்திரம், இரண்டு பேர் சேர்ந்துதான் சுற்றலாம். யாதவி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆருஷ் கீழே குந்தியிருந்து சாறு வருகிற குழாய்க்கு நேரே வாயை வைத்துவிட்டான்! எல்லாரும் சிரித்துவிட்டார்கள். வியாழக்கிழமை காட்டில் மரத்திலிருந்து உதிர்ந்த கஸ்தானியங்காய் பொறுக்கினோம். அவன் சட்டைப்பை கிழியுமட்டும் நிரப்பினான். அதை நான்தான் தைத்துவிட்டேன், நீ கவனித்திருக்க மாட்டாய்.

இந்த வருடம் பூசணிக்காய் குடைவதும் இருக்கிறதாம். பிள்ளைகளை அனுப்பிவிடு. அத்தானும் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். சுவரொட்டி இன்னும் ஒரு மாதத்தில் தானாகவே போய்விடும். அதற்காக நீ அலைந்து உடம்பைக் கெடுக்காதே.

யோகனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அக்கா,
தில்லை


ஷ்லீரன்
29.09.2016

அன்புள்ள அக்கா,

எல்லாரும் சுகம். ஆருஷுக்கு மட்டும் ஒரு பல் ஆடுகிறது.

நான் கேட்டது ஒன்று, நீங்கள் எழுதியது வேறு. பட்டம் மரத்தில் மாட்டியதும் சட்டைப்பை கிழிந்ததும் நினைவிருக்கிறது, படமெடுத்தது யாரென்று நினைவில்லையா? ஒன்றரைப் பக்கத்தில் அந்த ஒரு கேள்விக்கு ஒரு வரி!

சுவரொட்டி தானாகப் போய்விடும் என்கிறீர்கள். யாதவியின் மனத்திலிருந்து அதை யார் கழற்றுவது? நேற்றுப் பள்ளிக்கூடத்தில் விடுமுறை நிகழ்ச்சிகளின் பட்டியல் கொடுத்தார்கள். வருடா வருடம் பேனையால் வட்டம் போட்டு வைப்பாள். இந்த முறை குப்பைக் கூடையில் கிடந்தது. "ஏன் பிள்ளை?" என்று கேட்டேன்.

"அது ஏழைப் பிள்ளையளுக்கு அம்மா. நான் போனா இன்னும் நம்புவினம்" என்றாள்.

பிள்ளைகளுக்கான ஒரு விளையாட்டு நாளை என் பிள்ளை வெட்கப்படுகிற ஒன்றாக ஆக்கிவிட்டார்கள். இதைச் சின்ன விசயம் என்று இன்னொரு முறை சொல்லாதீர்கள்.

பேர்ணில் அந்த நிகழ்ச்சிகளை நடத்துகிற சங்கத்துக்குப் பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்பிவிட்டேன். ஜேர்மனில் நானே எழுதினேன், நான்கு பக்கம். தாயின் சம்மதம் இல்லாமல் பிள்ளையின் முகத்தைத் தெருவில் ஒட்டினீர்கள், படத்தை எடுங்கள், எழுத்தில் மன்னிப்புக் கேளுங்கள், இல்லையென்றால் பொலிசுக்குப் போவேன் என்று எழுதியிருக்கிறேன். யோகன் வாசித்துவிட்டு, "இவ்வளவு காரம் வேணுமோ?" என்றார். "வேணும்" என்றேன்.

இந்த முறை பிள்ளைகள் பேர்ணுக்கு வரமாட்டார்கள். யாதவி மறுக்கிறாள். அவள் இல்லாமல் ஆருஷை அனுப்ப எனக்கு மனமில்லை.

தங்கை,
சுமித்ரா


பேர்ண்
05.10.2016

அன்பான சுமிக்கு,

நாங்கள் சுகம். ஆருஷின் பல் விழுந்ததா?

பிள்ளைகள் வரமாட்டார்கள் என்று அத்தானிடம் சொன்னேன். வாங்கி வைத்த இரண்டு பூசணிக்காயையும் பார்த்துக்கொண்டு இருந்தார்.

சுமி, உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் சுவிஸ் பாஸ்போட் விண்ணப்பத்துக்கு நேர்முகம் நவம்பர் முதலாம் திகதி. பதினேழு வருடம் காத்திருந்தது உனக்குத் தெரியும். அது முடியுமட்டும் இந்த முறைப்பாட்டைக் கொஞ்சம் ஆறப் போட முடியாதா? பேர்ணில் ஒரு சங்கத்தோடு சண்டை, பொலிஸ் என்று எங்கள் குடும்பப் பெயர் எங்கேயும் வரக்கூடாது. வேறு ஒன்றுமில்லை. தொலைபேசியில் இதைக் கதைக்காதே, அத்தான் வீணாக யோசிப்பார்.

அக்கா,
தில்லை


ஷ்லீரன்
18.10.2016

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை, நிம்மதிக்குத்தான் குறைவு.

உங்கள் நேர்முகத்துக்கும் என் முறைப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? என் பெயரில் நான் எழுதினேன். உங்கள் பெயர் அதில் ஒரு இடத்திலும் இல்லை. வெள்ளைக்காரனோடு சண்டை பிடித்தால் பாஸ்போட் தரமாட்டான் என்று நினைத்துக்கொண்டே நாங்கள் இந்த நாட்டில் எத்தனை விசயத்தை விழுங்கிவிட்டோம்!

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். சங்கத்திலிருந்து பதில் வந்துவிட்டது. "படத்தை வெளியிடுவதற்குப் பிள்ளைகளின் தாய் திருமதி யோகராஜா கையெழுத்திட்ட சம்மதப் படிவம் எங்களிடம் உள்ளது" என்று எழுதியிருக்கிறார்கள்!

அக்கா, அந்த வருடம் முழுவதும் நான் பேர்ணுக்கே வரவில்லை. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டதும் கூட்டிப் போனதும் யோகன். என் கையெழுத்து எப்படி அங்கே போனது? செய்ததை மறைக்க அவர்களே போட்டுக்கொண்டார்களா? வெளிநாட்டுக்காரி, கேட்க வரமாட்டாள் என்று நினைத்திருப்பார்கள். நவம்பர் ஒன்பதாம் திகதி காலை பத்து மணிக்கு என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். படிவத்தைக் காட்டுவார்களாம். அது என் கையெழுத்து இல்லை என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அங்கிருந்தே பொலிசுக்குப் போவேன்.

நீங்கள் அன்று அங்கே நின்றவர். யாராவது படிவத்தோடு வந்தார்களா? பிள்ளைகளிடம் ஏதாவது எழுதி வாங்கினார்களா? உடனே பதில் போடுங்கள்.

தங்கை,
சுமித்ரா


ஷ்லீரன்
27.10.2016

அக்கா,

ஒன்பது நாளாகப் பதில் இல்லை. தொலைபேசியும் எடுக்கிறீர்கள் இல்லை. அத்தானிடம் கேட்டால், "அவ வேலையில நிக்கிறா" என்கிறார். உடம்புக்கு வருத்தம் ஏதுமா? ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அடுத்த ரயிலில் வாறேன்.

சுமி


பேர்ண்
29.10.2016

அன்பான சுமி,

எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. நீ வரவேண்டாம். இந்தக் கடிதத்தைப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் வாசி.

அந்தக் கையெழுத்து நான் போட்டது.

இதோடு நிறுத்திவிடலாம் என்று மூன்று நாள் நினைத்தேன். ஆனால் எப்படி நடந்தது என்று உனக்குத் தெரியவேண்டும்.

அப்பிள் பிழிந்த அன்று சங்கத்துப் பெண் ஒருத்தி படமெடுத்தாள். நல்ல மாதிரிப் பெண். எடுத்த படத்தை எனக்குக் காட்டினாள். யாதவி சிரிக்கிறாள், ஆருஷ் சிரிக்கிறான், ஆருஷின் தோளில் என் கை. கை மட்டும்தான், முகம் இல்லை. "நீங்கள்தான் அம்மாவா?" என்று கேட்டாள். ஆருஷ் என் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் "யா" என்றேன், ஆம் என்று.

ஒரு சொல்தான் சுமி. யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு திருப்பி எடுக்க எனக்கு விருப்பமில்லை. அதுதான் உண்மை.

அவள் உடனே படிவத்தை நீட்டினாள். தாய் அல்லது தகப்பன் என்று இரண்டு இடம்தான் இருந்தது. தாய் என்ற இடத்தில் உன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த நாள் காட்டுக்குப் புறப்படவும் அங்கேதான் கூடினோம். வாசலில் நின்றவள் "வணக்கம் திருமதி யோகராஜா, பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்களா?" என்று கேட்டாள். நன்றாகத் தூங்கினார்கள் என்றேன். இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை.

சுவரொட்டியைக் காணவில்லை என்று எழுதினேன். அதுவும் பொய். செப்டம்பர் முதல் கிழமையிலேயே கண்டேன். வேலைக்குப் போகும்போது ஒரு தரிப்பிடம் முன்னதாகவே இறங்கி, அதைப் பார்த்துவிட்டு நடந்து போவேன். கீழே எழுதியிருந்ததை வாசித்தேன். எனக்கும் சுட்டது. ஆனால் படத்தைப் பார்க்கும் ஆசையில் அந்த எழுத்தைப் பார்க்காதது மாதிரி நடந்துகொண்டேன். யாதவியின் வகுப்பு அங்கே வந்து இறங்கும் என்று நினைக்கவே இல்லை.

ஒன்றை மட்டும் நம்பு. நான் எந்த இடத்திலும் வசதியில்லை என்று எழுதவில்லை. பிள்ளைகள் இருவருக்கும் முழுக் கட்டண ரிக்கற் எடுத்துத்தான் உள்ளே போனோம். அந்த வசனம் அவர்களுடையது.

அத்தானுக்கு இது ஒன்றும் தெரியாது. நாளை மறுநாள் விட்டால் நேர்முகம். பொய்க் கையெழுத்து என்று பொலிசில் பதிந்தால் எங்கள் பாஸ்போட் அதோடு சரி. அதற்காகத்தான் உன்னை ஆறப்போடச் சொன்னேன். இப்போது அதையும் கேட்கவில்லை. உனக்குச் சரியென்று படுவதைச் செய்.

தில்லை


ஷ்லீரன்
01.11.2016

தில்லையக்கா,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை.

ஆறு கிழமை! ஆறு கிழமையாக நான் யார் யாரையோ கள்ளர் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். நான்கு பக்கம் எழுதினேன். என் வைத்தியரிடம் அரை நாள் லீவு கெஞ்சினேன். நீங்கள் அங்கே இருந்துகொண்டு எனக்குப் பட்டக் கதை எழுதினீர்கள்.

என் பிள்ளை கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள் என்று எழுதினேனே. அதை வாசித்த பிறகும் "தானாகப் போய்விடும்" என்று எழுத உங்களுக்குக் கை வந்ததா? ட்ராமிலிருந்து இறங்கிப் பார்த்தீர்களாம். எதைப் பார்த்தீர்கள்? என் பிள்ளைகளைக் காட்டிக் காசு கேட்டதையா?

பெரியம்மா என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? தாயிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு வசனம் சொல்ல ஜேர்மன் தெரியாதா உங்களுக்கு? ஒரு தொலைபேசி எடுத்திருந்தால் நானே சம்மதித்திருப்பேன். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

யோகன் சொல்கிறார், "பாவம், விடு" என்று. எல்லாரும் எனக்கு அதையே சொல்கிறீர்கள். நான் விடமாட்டேன். ஒன்பதாம் திகதி போகத்தான் போகிறேன். அங்கே என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

பெற்றவளுக்குரிய இடம் அது. ஆசை வந்தால் எழுதிக்கொள்ளுகிற இடமில்லை.

சுமித்ரா


பேர்ண்
05.11.2016

சுமி,

உன் கடிதம் வந்தது. கடைசி வரியை ஒரு முறைதான் வாசித்தேன், அது போதும்.

நான் செய்தது பிழை. அதில் எனக்கு மறுபேச்சில்லை. நீ எவ்வளவு திட்டினாலும் கேட்பேன். ஆனால் அந்த வரி என் பிழையைப் பற்றியதில்லை. அது என்னைப் பற்றியது. பெறாதவள் என்று ஊரில் சொன்னார்கள், கோயிலில் சொன்னார்கள், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டில் ஆரத்தித் தட்டை என் கையிலிருந்து வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உன் வாயிலிருந்து வரும் என்று மட்டும் நான் நினைத்திருக்கவில்லை. எனக்கும் கோபம் வரும் சுமி. நான் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

நேர்முகத்துக்கு முதல் நாள் அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "என்னை அப்பாவோ எண்டு கேட்டிருந்தா நானும் ஓமெண்டுதான் சொல்லியிருப்பன்" என்றார்.

நேர்முகத்தில் மூன்றாவது கேள்வியே "பிள்ளைகள் உண்டா?" என்பதுதான். இல்லை என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். முடிவு வர மாதக்கணக்காகும்.

சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்து நானும் ஒரு நேரம் வாங்கியிருக்கிறேன். ஒன்பதாம் திகதி, என் வேலை முடிந்து இரண்டு மணிக்கு. நான்தான் போட்டேன் என்று நானே போய்ச் சொல்வேன். வருவது வரட்டும். நீ அலையத் தேவையில்லை.

தில்லை


ஷ்லீரன்
20.11.2016

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் சுகமா? இங்கே பிள்ளைகள் சுகம். நானும் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

ஒன்பதாம் திகதி இரண்டு மணிக்கு நீங்கள் போனபோது, "உங்கள் விசயம் காலையிலேயே முடிந்துவிட்டது" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். காலையில் நடந்ததை எழுதுகிறேன். அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுக்கு வர எனக்குக் கால் வரவில்லை. பன்னிரண்டு மணி ரயிலில் திரும்பிவிட்டேன்.

நரைத்த குட்டை முடியோடு ஒரு பெண். பொறுப்பாளராம். தேநீர் தந்துவிட்டுப் படிவத்தை என் முன்னால் வைத்தார். என் பெயர், உங்கள் எழுத்து. கண்டதும் தெரிந்தது. "இது உங்கள் கையெழுத்தா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் போயிருந்தேன். பாதி வழி, ஓல்டன் வரையும் ரயிலில் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

"எங்கள் வீட்டுக் கையெழுத்து" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. "அன்று பிள்ளைகளைக் கூட்டி வந்தது என் அக்கா. அதில் எனக்கு முறைப்பாடு இல்லை. இந்தப் படிவத்தில் இருப்பது படத்துக்கான சம்மதம். கீழே எழுதினீர்களே, அந்த வசனத்துக்கு யார் சம்மதம் தந்தது?" என்றேன்.

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் பிள்ளைகள் எந்த ரிக்கற்றில் உள்ளே வந்தார்கள், பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். கணினியில் தேடினார். முழு ரிக்கற், இரண்டு. நீங்கள் அதை எழுதியிருக்காவிட்டால் எனக்குக் கேட்கத் தோன்றியிருக்காது.

"அப்படியென்றால் நாங்கள் வசதியற்றவர்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"படத்தைத் தேர்ந்தெடுத்தது விளம்பரம் செய்கிறவர்கள்..."

"முகத்தைப் பார்த்தா தேர்ந்தெடுத்தார்கள்?"

அவருடைய முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. பிழை நடந்துவிட்டது, வருந்துகிறோம் என்றார். அதோடு விட்டிருக்கலாம். "இனி உண்மையிலேயே உதவி பெறுகிற ஒரு குடும்பத்தின் படத்தைப் போடுகிறோம்" என்றும் சொன்னார். அக்கா, எனக்கு அப்போதுதான் முழுக் கோபமும் வந்தது. அதுவரை நாங்கள் ஏழைகள் இல்லை என்றுதான் கத்திக்கொண்டிருந்தேன். ஏழையாக இருந்தால் ஒட்டலாமா?

எழுந்து நின்றுவிட்டேன். "அந்தப் பிள்ளையின் வகுப்பும் ஒருநாள் பாராளுமன்றம் பார்க்க வரும். அப்போது அந்தப் பிள்ளை எந்தக் கதவைப் பூட்டிக்கொண்டு அழும்?" என்று கேட்டேன். என் ஜேர்மன் இலக்கணம் எல்லாம் உடைந்து போயிருந்தது. ஆனால் அவருக்கு விளங்கியது.

கடைசியில் இரண்டு விசயம் எழுத்தில் தந்தார். உதவி கேட்கிற எந்த விளம்பரத்திலும் இனி ஒரு பிள்ளையின் முகமும் வராது. யாதவியின் வகுப்புக்கு மன்னிப்புக் கடிதம் போகும். புறப்படும்போது, "அடுத்த வருடம் உங்கள் பிள்ளைகளுக்கு எல்லா நிகழ்ச்சிகளும் இலவசம்" என்று ஒரு அட்டையை நீட்டினார்! அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை ரீச்சர் அந்தக் கடிதத்தை வகுப்பு முழுவதற்கும் வாசித்தார். யாதவி வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்தாள். ஷ்லீரனில் இந்த மாதம் பிள்ளைகள் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றி ஊர்வலம் போனபோது போகமாட்டேன் என்று நின்றவள், அடுத்த வருடம் தன் விளக்கில் என்ன செதுக்கலாம் என்று ஆருஷோடு சண்டை பிடிக்கிறாள்.

அன்று பின்னேரம் அவளுக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன். அவளும் என்னைப் போல நம்பி ஏமாறக்கூடாது என்று நினைத்துத்தான் சொன்னேன். பெரியம்மாதான் கையெழுத்துப் போட்டவர் என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்தப் பொம்பிளை அம்மாவோ எண்டு கேக்கேக்க நான் பக்கத்திலதான் நிண்டனான். பெரியம்மா யா எண்டு சொல்லிப்போட்டு என்னைப் பார்த்தவ."

"நீ என்ன சொன்னனி?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. அவவின்ர கையைப் பிடிச்சனான்."

"ஏன் பிள்ளை எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் கத்துவியள் எண்டு தெரியும்தானே."

பத்து வயதில் அவள் எடுத்த முடிவு அது. ட்ராம் தரிப்பிடத்தில் அவமானப்பட்டபோதும், அறைக்குள் அழுதபோதும் உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அதற்கும் கோபம்தான். நம் மூவரில் தெரியாமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.

முதலாம் திகதிக் கடிதத்தில் என் கடைசி வரியை நல்ல கறுப்பு மையால் அடித்துவிடுங்கள். அதை எழுத எனக்கு உரிமையில்லை. அந்தத் தட்டை உங்கள் கையிலிருந்து வாங்கியபோது நானும் அந்த மண்டபத்தில்தான் இருந்தேன். அன்றும் நான் வாய் திறக்கவில்லை. இப்போது அதை நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஆனால் பொய்க் கையெழுத்துக்கு இன்னும் மன்னிப்பு இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். மாசி விடுமுறைக்குப் பிள்ளைகளை அங்கே அனுப்பமாட்டேன். நீங்கள் இருவரும் இங்கே வாருங்கள். நான் லீவு எடுத்திருக்கிறேன். பனியில் சறுக்குகிற இடத்துக்கு எல்லாருமாகப் போவோம். யாராவது வந்து அம்மாவா என்று கேட்டால் பெரியம்மா என்று சொல்லுங்கள். அவர்களுக்கு அது விளங்காது. விளங்குமட்டும் சொல்லுங்கள், நான் பக்கத்தில் நிற்பேன்.

அத்தானுக்கும் உங்களுக்கும் பிள்ளைகளின் முத்தங்கள்.

கோபம் இன்னும் தீராத தங்கை,
சுமி